எந்த ஆயிலை ஊற்றினாலும் ஒன்றுதானா? முன் ஷாக் அப்சார்பர் ஒழுகும் ஸ்கூட்டருக்கு ஒரு பதில்

கடிதம் ஒரு மலையடிவார ஊரிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் பள்ளி ஆசிரியை. ஆறு வருடமான 125 சிசி ஸ்கூட்டர், 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போக 19, வர 19 கிலோமீட்டர், பின்னால் எட்டு வயது மகள். மூன்று மாதத்துக்கு முன் முன்பக்க ஃபோர்க்கில் (முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய் ஜோடி, முன் ஷாக் அப்சார்பர் அதுதான், ஒவ்வொரு பக்கத்தையும் கால் என்போம்), பிரேக் டிஸ்க் இருக்கும் பக்கத்துக் காலில் எண்ணெய் கசிந்திருக்கிறது. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், குடும்பத்துக்கு இருபது வருடப் பழக்கம், 650 ரூபாய்க்குச் சீலை, அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றி எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் இப்போது இரண்டு காலிலும் ஒழுகுகிறது. கேட்டதற்கு, "ஷாக்கப்சர்ல எந்த ஆயில் ஊத்தினாலும் ஒண்ணுதான்மா, நான் இன்ஜின் ஆயில்தான் ஊத்தினேன், கொஞ்சம் கூடவே ஊத்தியிருக்கேன், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். வண்டியோ கல் மாதிரி ஆகிவிட்டது, காலையில் இன்னும் மோசம், மணிக்கட்டு வலிக்கிறது. வரிசையாக வேகத்தடை போட்டிருக்கும் இடத்தில் முதல் இரண்டு மேடு பரவாயில்லை, அதற்கப்புறம் ஒவ்வொன்றும் டங் டங்கென்று கையில் அடிக்கிறது. போன வாரம் ஒரு நாள் பிரேக் பிடித்தபோது வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

பின் ஷாக்கிலும் எண்ணெய் பிசுக்கு தெரிகிறதாம். ஓட்டை போட்டு ஆயில் ஏற்றி அடைத்துத் தர 500 ரூபாய், புதிது என்றால் 1,900. கணவர் "பின்னாடி ரிங்கை இறுக்கி வைத்தால் போதும்" என்கிறார். முழு ஃபோர்க்கையும் மாற்ற வேண்டுமா, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா, கேட்டால் உறவு கெட்டுவிடுமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, நீங்கள் கடைசியில் ஒரு வரியாகப் போகிறபோக்கில் எழுதியிருந்த பிரேக் விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். ஒழுகும் எண்ணெய் ஃபோர்க் காலில் வழிந்து டிஸ்க்கிலும், அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடிலும் இறங்கியிருக்கிறது. நீங்கள் சொன்ன அறிகுறிக்கு இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதை உப்புத்தாளில் தேய்ப்பார்கள், அடுப்பில் காட்டிச் சுடுவார்கள், இரண்டு நாள் பிடிக்கிற மாதிரி இருக்கும், சூடு ஏறியதும் உள்ளே இருந்த எண்ணெய் மறுபடி மேலே வரும். எண்ணெய் பட்ட பேடை மாற்றத்தான் வேண்டும். டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம்.

"அதுவரை பின் பிரேக்கை மட்டும் பிடித்து ஓட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லையென்றால், இணைந்த பிரேக் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வண்டியில் இடது கைப் பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரத்தோடு முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக் போகும்படி அமைத்திருப்பார்கள். முன்பக்கம் வழுக்கினால் அந்தப் பங்கு போய்விடும். அதைவிட, பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்தின் பக்கம் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. ஆகவே வேலை முடியும்வரை மகளை வைத்துக்கொண்டு அந்த வண்டியை எடுக்காதீர்கள். பஸ் நேரம் சரிப்படாது என்று தெரியும், இருந்தாலும் ஒரு வாரம்தான்.

எடையைத் தாங்குவது எண்ணெய் இல்லை

"ஆயில் கம்மியானதால் ஷாக் எடை தாங்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், மெக்கானிக்குகளும் சேர்த்து. வண்டியையும் உங்களையும் மகளையும் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, அந்த அடியைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கியதை அப்படியே திருப்பித் தந்துவிடும் என்பதுதான் அதன் குணம். எண்ணெய் இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு மேட்டில் ஏறி இறங்கிய வண்டி நாலைந்து முறை குதித்து ஆடிக்கொண்டே போகும், சக்கரம் மேலெழும் ஒவ்வொரு முறையும் டயருக்குச் சாலையில் பிடி குறையும்.

அந்த ஆட்டத்தை அடக்கத்தான் எண்ணெய். ஃபோர்க் காலுக்குள் சின்னச் சின்னத் துளைகள் போட்ட ஒரு குழாய் இருக்கிறது. கால் அமுங்கும்போதும் விரியும்போதும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கலில் ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. மோசமான சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நல்ல நிலையில் இருக்கும் பின் ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும். பள்ளங்கள் உங்கள் முதுகுக்குக் கொடுக்க வேண்டியதைத்தான் அது சூடாக வாங்கிக்கொண்டிருக்கிறது. 1935-ல் பி.எம்.டபிள்யூ தன் ஆர் 12, ஆர் 17 மோட்டார் சைக்கிள்களில் எண்ணெய் வைத்து அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. உங்கள் ஸ்கூட்டரில் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

எண்ணெயின் தடிமன்தான் எல்லாம்

துளையின் அளவு மாறாது, தொழிற்சாலையில் போட்டது போட்டதுதான். அப்படியென்றால் அடக்கும் பலத்தை முடிவுசெய்வது எண்ணெயின் தடிமன். வண்டியை வடிவமைத்தவர் இந்த ஸ்பிரிங், இந்தத் துளை, இந்தத் தடிமன் என்று மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். அதனால்தான் ஷாக்கில் எண்ணெயை நான் பாகம் என்றே சொல்வேன், ஒரு நட்டு போல்ட்டைப் போல. அளவு தெரியாத நட்டைப் போட மாட்டோம் இல்லையா.

தடிமனை சென்டிஸ்டோக் என்ற அலகில் அளக்கிறார்கள். 10 டபிள்யூ என்று தடிமன் தரம் போட்ட சாதாரண ஃபோர்க் ஆயில் 40 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 30 சென்டிஸ்டோக் இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் புழங்கும் 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயில் அதே வெப்பத்தில் 100-க்கு மேல். மூன்று மடங்குக்கும் அதிகம். எல்லா எண்ணெயும் குளிரில் இன்னும் தடிக்கும். உங்கள் ஊரில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. காலையில் கல்லாக இருப்பது, மதியம் திரும்பும்போது கொஞ்சம் தேவலை என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்த வகை ஃபோர்க்கில் கால் எவ்வளவு வேகமாக அமுங்குகிறதோ அதன் இருமடிப் பெருக்கத்தில் எதிர்ப்பு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. மெதுவாக வரும் மேட்டில் ஒன்றும் தெரியாது, கூரான விளிம்புள்ள பள்ளத்தில் சட்டென்று விழும்போது எண்ணெய் துளைக்குள் போக நேரம் கிடைக்காமல் கால் கிட்டத்தட்ட இரும்புக் கம்பி மாதிரி நிற்கும். சரியான எண்ணெயிலேயே இப்படி என்றால், மூன்று மடங்கு தடித்த எண்ணெயில் உங்கள் மணிக்கட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

வரிசை வேகத்தடையில் நடப்பதைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு ரொம்பவும் உதவியது. முதல் மேட்டில் கால் அமுங்குகிறது. அடுத்த மேடு வருவதற்குள் அது முழுவதும் விரிந்து தயாராக வேண்டும். எண்ணெய் தடித்திருந்தால் ஸ்பிரிங் தள்ளினாலும் விரிய நேரமாகிறது, பாதி விரிந்த நிலையிலேயே இரண்டாவது மேடு வந்துவிடுகிறது, மூன்றாவதுக்கு இன்னும் குறைவு, நான்காவதுக்கு அமுங்க இடமே இல்லை. அந்த டங் சத்தம் அங்கிருந்துதான். அண்ணன் "ஸ்ட்ராங்" என்று சொன்னது இதைத்தான். கையால் அமுக்கிப் பார்க்கும்போது கெட்டியாக இருந்தால் பலமாக இருப்பதாகத் தோன்றும், சாலையில் அதுவே டயரைத் துள்ள வைக்கும்.

"கொஞ்சம் கூடவே ஊத்தியிருக்கேன்" என்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு காலுக்குத் தேவைப்படும் எண்ணெய் ஒரு டீ கிளாஸ் அளவுதான். அதற்கு மேலே விடப்படும் காற்று இடைவெளி வீணான இடம் இல்லை, கால் அமுங்கும்போது அந்தக் காற்றும் அமுங்கி இரண்டாவது ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. உள்விட்டம் 22 மில்லிமீட்டர் உள்ள ஒரு குழாயில் 10 மில்லி எண்ணெய் கூடினாலே மட்டம் இரண்டரை சென்டிமீட்டர் ஏறிவிடும். இடம் குறைந்தால் காற்றின் அழுத்தம் கடைசியில் எகிறும், அது தேடிக்கொள்ளும் வழி ஆயில் சீலின் உதடு, அதாவது குழாயோடு ஒட்டி உரசும் ஓரம். ஒழுகாமல் இருந்த காலும் இப்போது ஒழுகுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அவர் இரண்டு காலிலும் ஊற்றியிருக்கிறார், சீலை ஒரு காலுக்கு மட்டும் மாற்றியிருக்கிறார்.

இன்ஜின் ஆயில் சீலை அரித்துத் தின்றுவிட்டது என்று நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். அது அப்படி இல்லை, அந்த ரப்பர் இன்ஜின் ஆயிலைத் தாங்கும். அண்ணன்மேல் அந்தக் குற்றத்தைச் சுமத்த வேண்டாம்.

அப்படியானால் எந்த எண்ணெய்? வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதைத்தான். சில பழைய மோட்டார் சைக்கிள்களின் புத்தகத்தில் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியருக்கான எண்ணெய், என்றே போட்டிருக்கும். அதுவும் 10 டபிள்யூ ஃபோர்க் ஆயிலும் தடிமனில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஆகவே அப்படி ஊற்றுபவர் தப்பு செய்யவில்லை. இன்னொரு குழப்பம், ஃபோர்க் ஆயிலில் 10 டபிள்யூ என்ற எண்ணுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான இறுக்கமான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய 10, இன்னொருவருடைய 7-க்குப் பக்கத்தில் இருக்கலாம். வண்டிக் கம்பெனியின் ஃபோர்க் ஆயிலையே வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

சீல் ஏன் இரண்டு மாதத்தில் போனது?

புது சீலும் ஒழுகுகிறது என்றால் அது உரசும் பளபளப்பான குரோம் குழாயைப் பார்க்க வேண்டும். மேலே தூசி மூடி (டஸ்ட் சீல்) இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, வெயிலில் நிறுத்தி, கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுங்கள். எங்காவது நகம் தட்டினால், ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி தெரிந்தால், அங்கே துருப்பள்ளம் இருக்கிறது. சீலின் உதடு ஒவ்வொரு முறை அதன்மேல் ஏறி இறங்கும்போதும் கிழிபடும். எத்தனை சீல் போட்டாலும் இதே கதைதான். பள்ளம் சீல் வந்து போகாத மேல் பகுதியில் இருந்தால் கவலையில்லை.

குழாய் சுத்தமாக இருந்தால் முழு ஃபோர்க் மாற்ற வேண்டியதே இல்லை. இரண்டு காலுக்கும் ஆயில் சீல், டஸ்ட் சீல், சரியான எண்ணெய், புது பிரேக் பேட், அவ்வளவுதான். ஒரு காலுக்கு மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், இரண்டு காலிலும் ஒரே தடிமன், ஒரே மட்டம் இருக்க வேண்டும். துருப்பள்ளம் இருந்தால் அந்தக் குழாயை மட்டும் புதிதாக வாங்கிப் போடலாம், முழு செட்டைவிட அது நன்றாகவே குறையும். குரோம் பூசித் தருகிறேன் என்பார்கள், நல்ல இடத்தில் செய்தால் நிற்கும், ஆனால் ஸ்கூட்டர் குழாய்க்கு அந்தச் செலவு புதுக் குழாய் விலையை நெருங்கிவிடும் என்பதால் நான் சொல்ல மாட்டேன். வண்டி எப்போதாவது முன்பக்கம் மோதி, குழாய் வளைந்திருந்தால்தான் முழு செட் பற்றிப் பேச வேண்டும்.

48,000 கிலோமீட்டரில் ஃபோர்க் எண்ணெயை மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலோர் மாற்றுவதே இல்லை. எங்கள் பட்டறையில் இப்படி வரும் வண்டியின் காலைக் கவிழ்த்தால், தேன் நிறத்தில் உள்ளே போன எண்ணெய் ஈயப் பாத்திரம் தேய்த்த தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் வரும், வெளிச்சத்தில் உலோகத் தூள் மினுமினுக்கும், அழுகின மீன் வாடை அடிக்கும். நான் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள், பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

பின் ஷாக்: ஓட்டை போட வேண்டாம்

இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. உங்கள் பின் ஷாக் மூடி அடைக்கப்பட்ட ஒன்று, திறந்து வேலை பார்ப்பதற்காகச் செய்ததில்லை. எண்ணெய் ஏன் வெளியே வந்தது? தண்டைச் சுற்றியிருக்கும் சீல் போனதால். பக்கத்தில் ஓட்டை போட்டு எண்ணெய் ஏற்றினால் அந்தச் சீல் சரியாகிவிடுமா? சில வாரத்தில் புது எண்ணெயும் அதே வழியில் வரும். துளை போடும்போது விழும் இரும்புத் துருவல் உள்ளே வால்வில் போய் உட்காரும். எண்ணெய் நனைந்த குழாயில் வெல்டிங் பற்றவைப்பது வேறு.

வாயு நிரப்பிய ஷாக்காக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. வேகமாக மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து எண்ணெயில் குமிழி கட்டும். நுரைத்த எண்ணெய் துளை வழியே எதிர்ப்பே இல்லாமல் ஓடிவிடும். குமிழி கட்டாமல் இருக்கத்தான் நைட்ரஜனை அழுத்தி அடைக்கிறார்கள். அதைத் துளையிட்டால் எண்ணெய் பீச்சியடித்துக்கொண்டு முகத்துக்கு வரும். அண்ணனுடைய கண்ணுக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கழற்றிப் பிரித்து நைட்ரஜன் நிரப்பும் ஷாக்குகள் உண்டு, அவை விலை உயர்ந்த வண்டிகளுக்கு. உங்களுக்கு 1,900 ரூபாய் புதியதுதான் சிக்கனம்.

ஆனால் வாங்குமுன் ஒரு சோதனை. லேசான பிசுக்கு மட்டும் என்றால் துடைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள், தூசியோடு சேர்ந்த மெல்லிய ஈரம் சில சமயம் ஆபத்தில்லாதது. பின் சீட்டை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் ஷாக் வேலை செய்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் அல்லது சொட்டுச் சொட்டாக வழிந்தால் மாற்ற வேண்டும்.

உங்கள் கணவர் சொல்லும் ரிங் ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை மட்டும் மாற்றும். பின்னால் ஆள் ஏறினால் ஒரு படி கூட்டுவது சரிதான், அதற்குத்தான் அது இருக்கிறது. போன எண்ணெயை அது ஈடுகட்டாது. அடக்க ஆளில்லாத ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினால் மகள் இருக்கிற பின் சீட்தான் அதிகம் துள்ளும்.

650 ரூபாயும் இருபது வருடப் பழக்கமும்

சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைதான். அதில் குறைபாடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். ஆனால் உங்களிடம் பில் இல்லை, போனில் பணம் அனுப்பிய பதிவு மட்டும் இருக்கிறது. அது பணம் கொடுத்ததைக் காட்டும், எந்த எண்ணெய் ஊற்றினார் என்பதைக் காட்டாது. இன்சூரன்ஸும் இதற்கு வராது, தேய்மானத்தை அவர்கள் ஏற்பதில்லை.

650 ரூபாய்க்காக அந்த வழிக்குப் போகச் சொல்ல மாட்டேன். அவர் ஏமாற்றியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. என்ன ஊற்றினார் என்பதை மறைக்காமல் சொல்லியிருக்கிறாரே. அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் ஊற்றியிருப்பார், பக்கத்துக் கடையில் ஃபோர்க் ஆயில் கிடைத்திருக்காது. அவரிடமே போய், "அண்ணே, அன்னிக்குப் போட்ட சீல் நிக்கல, புக்குல போட்டிருக்கிற ஆயிலையும் சீல் செட்டையும் நானே வாங்கிட்டு வந்துடறேன், நீங்க மாட்டிக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கூலியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை, அனேகமாக அவரே விட்டுக்கொடுப்பார். பின் ஷாக்கில் ஓட்டை போடுவதுதான் வழி என்று பிடிவாதமாக நின்றால் மட்டும் கம்பெனி சர்வீஸுக்குப் போய்விடுங்கள். எங்கே செய்தாலும் பில் கேளுங்கள், கழற்றிய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய எண்ணெயை வடித்த பிறகு காலைப் பல தடவை அமுக்கி இழுத்து மிச்சத்தையும் வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளே தங்கிய இன்ஜின் ஆயில் புது எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெயைக் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குவளையில் மில்லிக் கணக்காக அளந்து ஊற்றச் சொல்லுங்கள், அல்லது புத்தகத்தில் மட்டம் கொடுத்திருந்தால் அதில் சொன்னபடி அளக்கச் சொல்லுங்கள். மேல்மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கும், கழற்றும்போது முகத்தை மேலே வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும், நீங்களும் மகளும் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியதும் பட்டறையிலேயே முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கி விடுங்கள். கால் தயங்காமல் மேலே வந்து ஒரே தடவையில் நிற்க வேண்டும். புது பேட் டிஸ்க்கோடு படிய நூறு கிலோமீட்டராவது ஆகும், அதுவரை பிரேக் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அந்த இரண்டு மூன்று நாளும் தனியாகவே ஓட்டிப் பாருங்கள், பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு குழாயிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் மகளை ஏற்றிக்கொள்ளலாம்.